அவரவர்க்கு அவரவர் உண்மையா?

இருவர் ஒரு பொருள்பற்றி வாதிடுகின்றனர். ஒருவர் சரி என்பதை மற்றவர் பிழை என்கிறார். வாதம் முற்றும்போது மூன்றாமவர் ஒருவர் இடையிலே புகுந்து, “அவருக்கு அது உண்மை, இவருக்கு இது உண்மை. இதிலே சண்டை எதற்கு?” என்கிறார். கேட்போர்க்கு இவ்வார்த்தை பெருந்தன்மை மிக்கதாகவே தோன்றும். வாதமும் ஓய்ந்துவிடும். ஆயின் ஓய்ந்தது வாதம் மாத்திரந்தானா, அதனோடு ஆராய்ச்சியும் ஓய்ந்துவிட்டதா என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாமவர் கூறியது வெறுஞ் சமாதான வார்த்தையன்று. தத்துவ உலகிலே நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கொள்கையின் சுருக்கம் அது. உண்மை, நன்மை என்பன தம்மளவில் நிலைபெற்றவை அல்ல. அவை ஆளையோ, சமுதாயத்தையோ, காலத்தையோ சார்ந்தே நிற்பன என்று கூறும் அக்கொள்கையைச் சார்புவாதம் என்பர். உயர்தர வகுப்பு மாணவர் முதலாக ஊர்ப் பெரியவர் ஈறாகப் பலரும் இன்று தம்மையறியாமலே இக்கொள்கையைப் பேசுகின்றனர். ஆதலின் அதன் பிறப்பையும் வலிமையையும் குறைபாட்டையும் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

காற்றுக் குளிர்ந்ததா?

கி. மு. ஐந்தாம் நூற்றாண்டில், கிரேக்கருடைய அப்தேரா நகரிலே பிறந்தவர் புரொத்தகொரசு என்பவர். அதென்சு நகருக்கு வந்து, இளைஞர்க்குப் பேச்சுக்கலையும் அரசியல் அறிவும் புகட்டி, அதற்கு ஊதியமும் பெற்றவர். எல்லாப் பொருள்களுக்கும் மனிதனே அளவுகோல் என்பது அவருடைய புகழ்பெற்ற கொள்கை. அவர் எழுதிய நூல்கள் இன்று முழுமையாகக் கிடைத்தில. ஆயினும் பிளேற்றோ தமது ‘தியைதேதசு’ என்னும் உரையாடலிலே அக்கொள்கையை எடுத்து விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அங்கே காட்டப்படும் உதாரணம் எளியது. ஒரே காற்று வீசுகிறது. ஒருவன் நடுங்குகிறான், மற்றவன் நடுங்கவில்லை. காற்றுக் குளிர்ந்ததா, இல்லையா? நடுங்குபவனுக்குக் குளிர்ந்தது, மற்றவனுக்குக் குளிரவில்லை என்றே நாமும் விடை கூறுவோம். சுரத்திலே கிடப்பவனுக்குக் கஞ்சி கசக்கிறது. அவனிடம், “உனக்குக் கசக்கவில்லை” என்று யார் வாதாடுவார்? இவ்வளவில் புரொத்தகொரசர் கூற்று மறுத்தற்கரியது.

ஆனால் அவர் இவ்வளவில் நிற்கவில்லை. புலன்கள் உணரும் குளிருக்கும் சுவைக்கும் பொருந்துவதை, மனிதர் கொள்ளும் எல்லாக் கருத்துக்களுக்கும் அவர் விரித்துவிட்டார். எவனுக்கு எது தோன்றுகிறதோ, அவனுக்கு அதுவே உண்மை என்றாயிற்று. பிளேற்றோ தம் ஆசிரியராகிய சோக்கிரதர் வாயிலாக இதற்குக் கூறும் விடை கவனிக்கத்தக்கது. எல்லாருடைய கருத்தும் உண்மையாயின், ‘புரொத்தகொரசர் கூறுவது பிழை’ என்று எண்ணுவோரின் கருத்தும் உண்மையாதல் வேண்டும். எனவே தம்மை மறுப்பவர் கூற்றைத் தாமே ஒப்புக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவர் வந்து சேர்கிறார்.

“அவர்களுக்கு அது உண்மை, எனக்கு அன்று” எனப் புரொத்தகொரசர் தப்ப முயலலாம். பிளேற்றோ அதனையும் ஆராயாமல் விடவில்லை. நாளைக்குச் சுரம் வரும் என்கிறார் வைத்தியர். வராது என்கிறான் நோயாளி. நாளை வந்ததும் இருவருக்கும் இரு வேறு நாளைகள் வருவதில்லை. சுரம் வரும், அல்லது வராது. வருங்காலம்பற்றிய கூற்றிலே எல்லாரும் சம அளவுகோல்கள் அல்லர். அறிந்தவன் சொல்லுக்கு ஒரு மதிப்பும் அறியாதவன் சொல்லுக்கு வேறொரு மதிப்பும் உண்டென்பதை வைத்தியரை நாடிச் செல்லும் ஒவ்வொருவரும் தம் செயலினாலேயே ஒப்புக்கொள்கின்றனர்.

தாரியசு மன்னனின் சபை

ஒழுக்கத் துறையிலே சார்புவாதத்திற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது மக்களுடைய வழக்கங்களின் வேறுபாடு. இதுபற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தசு தமது வரலாற்றின் மூன்றாம் நூலிலே ஒரு செய்தி கூறுகிறார்.

பாரசீக மன்னன் தாரியசு தன் சபையிலிருந்த கிரேக்கரை அழைத்து, எவ்வளவு பொருள் தந்தால் இறந்த தந்தையரின் உடலை உண்பீர்கள் என்று வினவினான். எதைத் தந்தாலும் செய்யோம் என்றனர் அவர்கள். பின்னர், பெற்றோரின் உடலை உண்ணும் வழக்கமுடையோராகச் சொல்லப்பட்ட கல்லாத்தியர் என்னும் இந்திய இனத்தாரை அழைத்து, எவ்வளவு பொருள் தந்தால் அவ்வுடலை நெருப்பிலிடுவீர்கள் என்றான். அவர்கள் அலறி, அத்தகைய கொடுஞ்சொல்லைக் கூறவேண்டாம் என்று வேண்டினர். வழக்கமே யாவர்க்கும் அரசன் என்பது எரொதோத்தசு கண்ட முடிவு.

இக்கதையைக் கேட்டதும், ‘ஆதலின் ஒழுக்கத்திலே சரியென்றும் பிழையென்றும் ஒன்றுமில்லை’ என்று கூறத் தோன்றும். ஆனால் இங்கே இரு வேறு கூற்றுக்கள் கலந்துள்ளன. மக்களுடைய வழக்கங்கள் வேறுபடுகின்றன என்பது ஒரு செய்தி. அவை யாவும் ஒருங்கே சரியானவை என்பது ஒரு கொள்கை. முன்னதிலிருந்து பின்னது தானாகப் பெறப்படுவதில்லை. ஒரு நோயைப்பற்றி வைத்தியர் இருவர் இருவேறு முடிவு கூறினால், நோயே இல்லையென்று எவரும் கொள்வதில்லை; மேலும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றே கொள்வர்.

அன்றியும், கிரேக்கரும் கல்லாத்தியரும் எதிலே மாறுபட்டனர் என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இறந்த பெற்றோரை மதித்தல் வேண்டும் என்பதில் அவர்களிடையே மாறுபாடு இல்லை. மதிப்பை எவ்வாறு வெளிப்படுத்துவது என்பதிலேதான் மாறுபட்டனர். அம்மதிப்பு இருசாராரிடத்தும் இல்லாதிருந்தால் மன்னனின் கேள்வி எவரையும் புண்படுத்தியிராது.

யானையும் குருடரும்

குருடர் பலர் யானையைத் தடவிப் பார்த்து, தூணென்றும் முறமென்றும் சண்டையிட்ட கதையை அறியாதார் இல்லை. பௌத்தருடைய ‘உதானம்’ என்னும் பாளி நூலிலே இது வருகிறது. சமணரும் இதனை எடுத்தாள்வர். சார்புவாதிகள் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பாளி நூற்கதையிலே குருடரைக் கூட்டுவித்த அரசன் கண்ணுடையவன். அங்கு நிற்பது யானை என்பதை அவன் அறிவான். யானையென ஒன்று இல்லையாயின், குருடர் ஒவ்வொருவரும் கண்டது அதன் ஒரு பகுதியே என்று சொல்லவும் இயலாது.

சமணருடைய அநேகாந்தவாதமும் இத்தகையதே. ஒரு பொருள் பல இயல்புகளை உடையது. அதனைப்பற்றிய ஒவ்வொரு கூற்றும் ஒரு நோக்கிலேயே பொருந்தும் என்பர் அவர். குடம் குடம் என்ற வகையில் உளது. ஆடை என்ற வகையில் இலது. இவ்வாறு ஏழு வகையாகக் கூறும் முறையைச் சியாத்வாதம் என்பர். உளதாதலும் இலதாதலும் ஒரு பொருளிடத்தே எவ்வாறு கூடும் எனச் சங்கரர் தமது பிரம்மசூத்திர பாடியத்திலே இதனைக் கண்டித்தார். தமிழிலே பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே நிகண்டவாதியின் கொள்கையை எடுத்துக் கூறி மறுத்தார். நோக்கு வேறாதலின் முரண் இல்லை என்பது சமணர் விடை. இவ்வழக்கிலே யார் பக்கம் நியாயம் மிகுதி என்பது தனியே ஆராயத்தக்கது. எனினும் சமணரைச் சார்புவாதிகள் என்பது பொருந்தாது. பொருளை முழுமையாக அறியும் கேவலஞானம் உண்டென்பது அவர்தம் துணிபு.

நம் முன்னோர் வாதத்தை நடத்திய முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. மணிமேகலை வஞ்சி நகரிலே பல சமயவாதிகளின் கொள்கைகளையும் கேட்டறிகிறாள். அருணந்தியார் பிறர் கொள்கையை முதலில் அவர் வாயாற் கூறுவதுபோல எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கிறார். உண்மை என ஒன்று உண்டு, அதனை வாதத்தால் அணுகலாம் என்ற நம்பிக்கை இல்லாதவர் இத்துணை உழைப்பை மேற்கொள்ளார்.

இவ்விடத்திலே மாணவரிடம் வழங்கும் ஒரு மயக்கத்தையும் நீக்குதல் நன்று. ‘எல்லாம் சார்பானவை என்று ஐன்ஸ்ரைனே நிறுவிவிட்டார்’ என்பர் சிலர். 1905இல் அவர் வெளியிட்ட கொள்கை, காலத்தையும் நீளத்தையும் அளப்பவரின் இயக்கத்தோடு தொடர்புபடுத்தியது மெய்யே. ஆனால் வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் இயற்கை விதிகளின் வடிவமும் சீராக இயங்கும் எல்லா அளவையாளர்க்கும் ஒன்றே என்பது அக்கொள்கையின் அடிப்படை. ஒருவர் அளவிலிருந்து மற்றவர் அளவைக் கணித்துக் கூறவும் அது வழிவகுக்கிறது. தோன்றியவாறே உண்மை என்னும் கொள்கைக்கு அதிலே இடமில்லை.

வழக்கமும் நீதியும்

இதுகாறும் கூறியது பள்ளிக்கூடத்து வாதம் போலத் தோன்றலாம். ஆனால் இதனாலே மனித வாழ்வுக்கு நேரும் விளைவு சிறிதன்று.

இரண்டாம் உலக யுத்தத்தின்பின், மனித உரிமைகள்பற்றிய ஒரு பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபை ஆயத்தஞ் செய்தது. 1947இல் அமெரிக்க மானிடவியற் சங்கத்தின் நிருவாகக் குழு அதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒழுக்க அளவைகள் அவ்வப் பண்பாட்டைச் சார்ந்தவை. ஒரு பண்பாட்டின் அளவையை உலகம் முழுவதற்கும் விதித்தலாகாது என்பது அதன் சாரம். அதன் நோக்கம் இழிந்ததன்று. மேல்நாட்டார் தம் நாகரிகமே உயர்ந்ததெனக் கூறிப் பிறரை அடக்கியாண்ட கொடுமையை அவ்வறிஞர் கண்டிருந்தனர். ஆயினும் அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் சஞ்சிகையிலே மானிடவியலாளர் சிலர் மறுப்பெழுதினர். 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிசிலே பிரகடனம் நிறைவேறியது. நாற்பத்தெட்டு நாடுகள் ஆதரித்தன. எட்டு நாடுகள் வாக்களியாதிருந்தன. எதிர்த்த நாடு ஒன்றுமில்லை. இந்தியப் பெண்மணியாகிய ஹன்சா மேத்தாவின் முயற்சியினாலே, ஆண்களைமட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க தொடர் நீங்கி, மனிதப் பிறவிகள் யாவரையும் குறிக்கும் தொடர் அதன் முதலாம் உறுப்புரையில் இடம்பெற்றது. பிற்காலத்திலே, 1999இல், அதே மானிடவியற் சங்கம் மனித உரிமைகளை ஆதரித்து ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

ஒரு சமுதாயம் ஏற்பதே அதற்கு நீதியாயின் சீர்திருத்தக்காரன் நிலை யாதாகும்? அவன் சமுதாயம் ஏற்றதை எதிர்ப்பவன். ஆகவே அவன் எப்பொழுதும் பிழையானவனே என்றாகும். உடன்கட்டை ஏறும் வழக்கத்தை இராசாராம் மோகன்ராயர் எதிர்த்தபோது, அது முன்னோர் வழக்கம் என்றே பலர் வாதித்தனர். அவரோ சாத்திரங்களிலிருந்தே சான்று காட்டி வாதாடினார். 1829இல் வங்காளத்திலே அவ்வழக்கம் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. வழக்கமே நீதியாயின், அதற்கு முதல்நாள்வரை அவர் கூறியது பிழை, மறுநாள் சரி எனக் கூற நேரும். எரிந்த பெண்ணின் வேதனைக்கு அக்கணக்கிலே இடமேயில்லை.

நம் நாட்டையும் நோக்குவோம். சாதியைக் காட்டிப் பொது இடங்களிலே மக்களைத் தடுத்தலைக் குற்றமாக்கி 1957இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபட விரும்பிய அடியார்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுத்தோர் கூறிய நியாயங்களுள் தலையாயது பரம்பரை வழக்கம் என்பதே. சார்புவாதியை அங்கே நடுவராக நிறுத்தினால் அவர் யாது கூறுவார்? ‘உள்ளே நிற்பவர்க்கு அது நீதி, வெளியே நிற்பவர்க்கு அது அநீதி’ என்பதற்குமேல் அவர் கூறத்தக்கது ஒன்றுமில்லை. அத்தீர்ப்பினால் வாயிற்கதவு திறவாது. மேலும், ஒரு சமுதாயத்தின் வழக்கம் என்று நாம் கூறும்போது, அச்சமுதாயத்திலே யாருடைய வாயிலிருந்து அது வருகிறது என்பதையும் கேட்டல் வேண்டும்.

பொறுமைக்கு எது துணை?

உண்மை ஒன்றென்று கொண்டால் பிறர் கருத்தைச் சகியாத வெறி வளருமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானதே, உண்மை தம்மிடமே உள்ளதெனக் கூறிக் கொடுமை விளைத்தோர் வரலாற்றிலே பலர். ஆனால் சார்புவாதம் அதற்கு மருந்தாகாது. இத்தாலிய சர்வாதிகாரியாக விளங்கிய முசோலினி, 1921இலே தமது பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்றில், சார்புவாதத்தையே தம் இயக்கத்துக்குத் துணையாகக் கொண்டார். நிலையான உண்மை எதுவும் இல்லையாயின், தாம் விரும்பியதைத் தம் வலிமையாலே நிலைநாட்டத் தமக்கும் உரிமையுண்டு என்பது அவர் கருத்து. சரி, பிழை என்பன நீங்கியவிடத்தே எஞ்சுவது வலிமையே.

பொறுமைக்கு உண்மையான துணை வேறொன்று. உண்மை உண்டு, ஆனால் அதனை நான் முழுதும் அறிந்திலேன், என் கருத்துப் பிழைபடலாம், என்னை மறுப்பவர் நான் காணாததொன்றைக் கண்டிருக்கலாம் என்னும் உணர்ச்சியே அது. ‘உண்மை இல்லை’ என்பதும் ‘உண்மையை நான் முற்றும் அறியேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதைக் கொண்டவர் பிறரிடம் கற்கவேண்டிய தேவையில்லை. அவருக்குத் தோன்றுவது அவருக்கு உண்மையாகவே இருக்கும். பின்னதைக் கொண்டவரோ கேட்பார், வினவுவார், தேவையேற்படின் தம் கருத்தை மாற்றிக்கொள்வார்.

ஆகவே, ‘அவரவர்க்கு அவரவர் உண்மை’ என்று எவரேனும் கூறக் கேட்கும் மாணவர், அவர் எதனைப்பற்றிக் கூறுகிறார் என்பதை முதலிலே பார்க்க. கறியின் உறைப்பைப்பற்றியாயின் சிரித்து ஏற்றுக்கொள்ளலாம். விருந்தினரை வரவேற்கும் முறை, ஆடையணியும் முறை முதலியனபற்றியாயின் வேறுபாட்டை மதித்து அமையலாம். ஒரு மனிதனின் உயிரையோ, மானத்தையோ, நோய்க்குரிய மருந்தையோ பற்றியதாயின் அவ்வார்த்தையோடு நின்றுவிடலாகாது. அங்கே வாதம் தொடர்தல் வேண்டும்; அமைதியாகவும் மரியாதையாகவும், ஆனால் உண்மை காணும்வரை தொடர்தல் வேண்டும்.