தளிரா? காளையா?

பல்லாவரம் என்றதும் இந்தப் பக்கத்துப் பெண்மணிகளுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தைதான் நினைவுக்கு வரும். பூச்செடி முதல் பழைய நாற்காலி வரை அங்கே கிடைக்காத சாமான் உண்டா? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அதற்கடுத்தது பல்லாவரம். பல்லவபுரம் என்ற பெயர்தான் ஜனங்களின் வாயில் தேய்ந்து பல்லாவரம் ஆயிற்று. ஒரு ராஜ வம்சமே அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

அவ்வூர்க் குன்றிலே ஒரு குகை இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு முதலாம் மகேந்திரவர்ம பல்லவர் பாறையைக் குடைந்து எடுப்பித்த கோயில் அது. உள்ளே வரிசையாக ஐந்து அறைகள். இப்போது அது முஸ்லிம்கள் வழிபடும் இடம். ஆனாலும் மகேந்திரர் வெட்டுவித்த பட்டப் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. "சிவகாமியின் சபத"த்தை வாரா வாரம் காத்திருந்து படித்த குடும்பங்களுக்கு மகேந்திரரை நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. மனிதருக்குப் பட்டங்கள் மீது தீராத மோகம்! விசித்திரசித்தர், மத்தவிலாசர், குணபரர், சத்ருமல்லர், சித்திரகாரப்புலி என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தியின் பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்கள் இதற்கு முன் எம்மாத்திரம்?

இவை தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவை. மற்றவர்கள் அவரை என்ன சொல்லி அழைத்தார்கள்? செங்கற்பட்டை அடுத்த வல்லம் கிராமத்தில் இதற்கு விடை இருக்கிறது. அங்கும் ஒரு குகைக் கோயில். அதைச் செய்வித்தவன் கந்தசேனன் என்னும் சிற்றரசர் மகன். தன் தகப்பனாரை "மயேந்திரப் போத்தரெசரு"வின் அடியான் என்று தமிழில் பொறித்திருக்கிறான். போத்தரெசரு, போத்தரசர், போத்தரையர் எல்லாம் ஒரே சொல்தான். பல்லவ மன்னர்களின் பெயரை அடுத்து இந்தச் சொல் தமிழ்க் கல்வெட்டுகளில் வந்துகொண்டே இருக்கும்.

அரையர் என்றால் அரசர்; அதில் தகராறு இல்லை. "போத்து" என்பதுதான் வம்பு. தொல்காப்பியத்தின் மரபியலைப் புரட்டினால், மாட்டினத்திலும் எருமை, புலி முதலியவற்றிலும் ஆணுக்குப் போத்து என்று பெயர் சொல்கிறது. பல்லவர்களின் இலச்சினையோ காளை. ஆகவே போத்தரையர் என்றால் காளை வேந்தர் என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது.

ஆனால் கொல்லைப்புறத்தில் முருங்கை வளர்த்த பாட்டிமார்களைக் கேட்டால் வேறு பதில் வரும். முருங்கைக் கிளையை வெட்டி நடுகிறோமே, அதற்கும் போத்து என்றுதான் பெயர். வடமொழியில் "போத" என்றால் இளங்கன்று, இளஞ்செடி. "பல்லவ" என்றாலே தளிர்தானே? குலப் பெயரையே தமிழில் மாற்றிச் சொன்னது போல் இருக்கிறது.

நம் கட்சி தளிர்க் கட்சிதான். காரணம், இந்த வம்சத்துத் தாய்மார்கள். அமராவதித் தூண் ஒன்றில் உள்ள கதைப்படி, மதனி என்ற தேவமங்கை தான் பெற்ற சிசுவைத் தளிர்க் குவியலால் மூடி வைத்தாளாம். அதனால் குழந்தை பல்லவன் ஆனான். ஆதிப் பல்லவ ராணிகளில் சாருதேவி என்று ஒருத்தி கோயிலுக்கு நிலம் எழுதி வைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அவள் பிள்ளையின் பெயர் புத்தியங்குரன். அங்குரம் என்றால் முளை! மகேந்திரரின் பட்டங்களிலும் "லளிதாங்குரர்" என்று ஒன்று உண்டு. அழகிய முளை என்று பொருள். குழந்தைக்கும் முளை, கிரீடம் தரித்த பிறகும் முளை.

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உரியதன்று. இன்றைய பிரான்சு தேசத்தில் அக்காலத்தில் பிராங்கு இனத்தார் ஆண்டார்கள். அவர்களுடைய மெரோவிங்கிய மன்னர்களுக்கு "நீள்முடி மன்னர்" என்று ஒரு பெயர். வம்சத்துக்குப் பெயர் தந்த மெரோவெக்கின் தாய் கடலில் நீராடியபோது காளையை ஒத்த ஒரு கடல் விலங்கு எதிர்ப்பட்டதாகக் கதை. அவன் மகனின் கல்லறையை 1653-ல் திறந்தபோது தங்கத்தில் செய்த காளைத் தலை ஒன்றும் கிடைத்தது. அங்கேயும் காளை!

ஆனால் அவர்களுக்கு உயிர் தலைமுடியில்தான். அரச குலத்துப் பிள்ளைக்கு முடியை வெட்டினால் ராஜ்ய உரிமை போயிற்று. 524-ல் மன்னன் குளோதொமீர் போரில் மாண்டான். அவனுடைய மூன்று பிள்ளைகளும் பாட்டி குளோத்தில்டா ராணியிடம் வளர்ந்தார்கள். சித்தப்பன்மார் இருவர் பிள்ளைகளைத் தந்திரமாக வரவழைத்துக்கொண்டு, ராணிக்கு ஒரு கத்தரிக்கோலையும் உருவிய வாளையும் அனுப்பினார்கள். எது வேண்டும் என்று கேள்வி. துக்கத்தில் என்ன சொல்கிறோம் என்று அறியாமல், முடி இழந்து நிற்பதைவிட அவர்கள் இறப்பதே மேல் என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பத்து வயதுக் குழந்தையும் ஏழு வயதுக் குழந்தையும் கொலையுண்டார்கள். தப்பிய மூன்றாமவன் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு துறவியானான். 751-ல் கடைசி மெரோவிங்கிய மன்னனுக்கும் முடியை வெட்டித்தான் மடத்துக்கு அனுப்பினார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில், 731-ஐ ஒட்டி, காஞ்சியிலும் சிம்மாசனம் காலியாயிற்று. இரண்டாம் பரமேசுவரவர்மர் இறந்துவிட்டார். நேர் வாரிசு இல்லை. அப்போது என்ன செய்தார்கள் என்பதை வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச் சுவரில் சிற்பமாகவும் எழுத்தாகவும் இன்றும் காணலாம். காஞ்சியைச் சேர்ந்த பெரியவர்கள் கிளை வம்சத்து இரணியவர்மரைத் தேடிப் போனார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். "யார் போகிறீர்கள்?" என்று தகப்பனார் கேட்டார். மூன்று பேர் போக மாட்டேன் என்றார்கள். கடைக்குட்டி பல்லவமல்லன் மட்டும் கைகூப்பி, "நான் போகிறேன்" என்றான். பன்னிரண்டு வயதுப் பாலகனை எப்படி அனுப்புவது என்று தகப்பனார் கலங்கினார். தரண்டிகொண்ட போசர் என்ற பெரியவர் தைரியம் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். பையன் காஞ்சிக்கு வந்து சேர்ந்தான். நந்திவர்மன் என்று அபிஷேகப் பெயர் சூட்டி, காளை இலச்சினையையும் கொடுத்து முடிசூட்டினார்கள்.