செட்டிபல்லிப் பணிமனையும் மேசை மேல் ரயிலும்

சப்தகிரி, கருடாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி. திருமலையின் பெயர்களைத் தாங்கி ஓடும் ரயில்கள் இவை. இவற்றில் வந்து இறங்கி அலிபிரி அடிவாரத்துக்குப் போகும் பக்தர்களின் கண்ணில் படாத ஓர் இடம் திருப்பதியில் உண்டு. செட்டிபல்லியில் இருக்கும் ரயில் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனைதான் அது. தென் மத்திய ரயில்வே அமைத்த பணிமனை. ஓடிக் களைத்த பயணிகள் பெட்டிகள் இங்கே வந்து, பிரிந்து, சீராகி, புதுப் பெயின்ட்டோடு வெளியே போகின்றன.

ரயில்வே ஊழியர்கள் இந்த வேலையை பிஓஎச் என்பார்கள். குறித்த கால இடைவெளியில் நடக்கும் முழுப் பராமரிப்பு. விரைவு ரயில்களில் ஓடும், சென்னை பெரம்பூரின் ஐசிஎஃப் தொழிற்சாலை வகைப் பெட்டிக்கு 18 மாதத்துக்கு ஒரு முறை இது வரும். முதலில் பெட்டியின் உடலைத் தூக்கி, சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்களான போகிகளிலிருந்து பிரிப்பார்கள். போகியைக் கழற்றிக் கழுவி, ஸ்பிரிங், பிரேக், பேரிங் என ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். தேய்ந்த சக்கரம் கடைசல் இயந்திரத்துக்குப் போகும். அடுத்து உடலில் துருவைத் தேடுவார்கள். கழிப்பறைக்கு அடியில் ஈரம் காயாது. அங்கே உள்ள இரும்புதான் முதலில் அரிக்கும். அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெயின்ட்.

இதே வேலையை வீட்டு மேசையில், பெட்டியை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாடல் ரயில் என்னும் இந்தக் கலையில் ரயிலை ஓட்டுவது பாதிதான். பழுதான இன்ஜினை உயிர்ப்பிப்பதும், பெட்டியில் நுணுக்க வேலை செய்வதும், அசல் வண்ணத்தில் மீண்டும் பெயின்ட் அடிப்பதும் மறுபாதி. செட்டிபல்லியில் நடக்கும் அந்த வேலை வரிசையைப் புரிந்துகொண்டவர் கையில் சின்ன ரயிலும் சீராகும்.

எது எவ்வளவு பெரிது?

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தொடங்கிய மார்க்ளின் நிறுவனம், 1891-இல் லைப்சிக் வணிகச் சந்தையில் ஒரு பொம்மை ரயிலை அறிமுகப்படுத்தியது. தண்டவாளத்தையும் பெட்டிகளையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதுதான் அதன் புதுமை. அதிலிருந்து வளர்ந்த அளவு முறைகளில் இன்று பரவலாக இருப்பது எச்ஓ. இதன் விகிதம் 1:87.

ஐசிஎஃப் பெட்டி ஒன்றின் உடல் நீளம் 21.337 மீட்டர். எச்ஓ அளவில் அது 245 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக வரும் புதிய எல்எச்பி வகைப் பெட்டி 23.54 மீட்டர், மாடலில் ஏறத்தாழ 270 மில்லிமீட்டர். இந்த 25 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எல்எச்பி மாடலை எடுத்து நீலம் அடித்தால் அது ஐசிஎஃப் பெட்டி ஆகிவிடாது.

தண்டவாளத்தில் இந்தியர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதைக்குக் கணக்கிட்டது. நம் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். கணக்குப்படி அதற்கு 19.2 மில்லிமீட்டர் தண்டவாளம் வேண்டும். கடையில் கிடைப்பது 16.5 என்பதால் பெரும்பாலானோர் உடலைச் சரியான அளவில் செய்து, அந்தத் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். காட்பாடியிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதிக்கு முன்பு மீட்டர் கேஜ் ஓடியதே, அந்தக் காலத்தைச் செய்ய விரும்புபவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 1000 மில்லிமீட்டர் பாதை 87-இல் ஒரு பங்காக 11.5 ஆகிறது, 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடையிலேயே உண்டு.

ஓடாத இன்ஜின்

பரணில் பல வருடம் கிடந்த இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்ததும் மின்சாரத்தை முழுதாகத் திருப்பிவிடக் கூடாது. மின்சாரம் போகும் வழியை முதலில் பார்க்க வேண்டும். தண்டவாளத்தில் 12 வோல்ட் நேர்மின்சாரம். அது சக்கரத்தில் ஏறி, சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய செப்புத் தகடு வழியாக மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷுக்கு வருகிறது. பிரஷ், மோட்டார் அச்சில் துண்டு துண்டான வளையமாக உள்ள கம்யூட்டேட்டரைத் தொடுகிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்து மோட்டார் சுற்றுகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பதை ஒரு மல்ட்டிமீட்டர் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி அழுக்குதான். சக்கர விளிம்பில் கறுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போடக் கூடாது. கீறல் விழுந்தால் அடுத்த அழுக்கு அங்கே இன்னும் இறுக்கமாக ஒட்டும். கம்யூட்டேட்டரின் துண்டுகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் கார்பன் பொடி அடைந்திருக்கும். அதை ஒரு பல்குத்தும் குச்சியின் நுனியால் எடுத்துவிடலாம்.

நம் ஊர் வெயிலில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். மோட்டார் முனகும், சக்கரம் நகராது. பற்சக்கரங்களைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவிய பிறகே புதியது போட வேண்டும். பேரிங்குக்கு பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அது குளிரில் உறையும், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் வருகிறது என்றால், அச்சில் இறுக்கிய பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிந்து வெடித்திருக்கும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். இன்னொரு நோய்க்கு மருந்தே இல்லை. பழைய வார்ப்புகளில் துத்தநாகக் கலவையோடு ஈயம் கலந்திருந்தால், காற்றின் ஈரப்பதம் உலோகத்தின் உள்ளேயே அரித்துக்கொண்டு போகும். வார்ப்பு வீங்கும், வெடிக்கும், கடைசியில் உதிரும். அப்படி ஓர் அடிச்சட்டம் கிடைத்தால் அதைச் சரிசெய்ய நேரம் செலவிடாமல் உடலை மட்டும் எடுத்து வேறு அடிச்சட்டத்தில் பொருத்துவது நல்லது.

நம் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. அதன் போகியில் மூன்று அச்சுகள் சம இடைவெளியில் இல்லை. மாடலில் போகியைக் கழற்றும்போது எந்தப் பக்கம் முன்னே என்று குறித்துவைக்க வேண்டும். திருப்பி மாட்டிவிட்டாலும் இன்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் அசலைப் பார்த்துப் பழகியவருக்கு அது உடனே உறுத்தும்.

பெட்டிக்கு எடை வேண்டும்

மாடல் பெட்டி தடம் புரள்வதற்கு முக்கியக் காரணம் அது மிக இலேசாக இருப்பதுதான். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எச்ஓ அளவில் அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். ஐசிஎஃப் பெட்டிக்கு இது ஏறத்தாழ 165 கிராம். சன்போர்டு என்னும் இலேசான நுரைப் பலகையில் செய்த பெட்டி இதில் பாதிகூட இராது. குறையும் எடையைத் தரைக்குக் கீழே, நடுவில், தாழ்வாக ஒட்ட வேண்டும். கூரைப் பக்கம் எடை கூடினால் வளைவில் சாயும். பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டால் ஓட்டமும் சீராகும், தண்டவாளத்தில் அழுக்கும் குறையும்.

நுணுக்கம்: எதைச் சேர்ப்பது?

கடையில் வாங்கும் மாடலில் கைப்பிடிக் கம்பிகள் உடலோடு சேர்த்து வார்த்த வெறும் வரம்புகளாக இருக்கும். அவற்றைக் கத்தியால் சீவிவிட்டு, கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியால் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பி செருகுவார்கள். அசல் கம்பி மூன்று சென்டிமீட்டர் தடிமன் என்றால் மாடலில் 0.35 மில்லிமீட்டர்.

இந்தியப் பெட்டி என்று பார்த்ததும் சொல்லவைப்பவை சில உண்டு. ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் கம்பிகள் முதலாவது. அவசரகால ஜன்னலில் மட்டும் கம்பி இருக்காது. பொதுப் பெட்டியின் முனைகளில் சாய்வாக அடித்த மஞ்சள் கோடுகள் அடுத்தது. கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறி. இவற்றோடு பெட்டிகளுக்கு இடையே வெஸ்டிபுல் என்னும் மடிப்பு மடிப்பான கறுப்பு நடைவழி உறை.

குனிந்து பார்ப்பவருக்கு அடிப்பகுதியிலும் செய்தி இருக்கிறது. பெட்டிக் குறியீட்டில் டபிள்யூஜிஎஸ்சிஎன் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள ஜி, பெட்டி தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது என்பதற்கான அடையாளம். அச்சில் ஒரு கப்பி, அதிலிருந்து பெல்ட், பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டர், பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. மாடலின் அடிப்பகுதியில் இவை இல்லாவிட்டால், எழுதிய எழுத்துக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லாமல் போகும்.

பெயின்ட்

பழைய பெயின்ட்டை எடுப்பதுதான் முதல் வேலை. பிளாஸ்டிக் உடலுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் போதும். ஊறவைத்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தின்னரும் அசிட்டோனும் உடலையே கரைத்துவிடும். எந்தத் திரவமானாலும் முதலில் உட்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். மாடலில் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் தடித்தால், அசலில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் பூச்சுக்குச் சமம். கதவு விளிம்பு, ரிவெட், ஜன்னல் சட்டம் எல்லாம் அதில் மூழ்கிவிடும். அதனால்தான் தூரிகையை விட ஏர்பிரஷ் சிறந்தது. பெயின்ட்டைப் பால் பதத்துக்கு இளக்கி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில், மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். முதலில் சாம்பல் நிற பிரைமர். கீறலும் பசைக் கறையும் எங்கே இருக்கின்றன என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்; அந்த நேரத்தில் சரிசெய்யாததைப் பிறகு சரிசெய்ய முடியாது.

நீலப் பெட்டிக்கு வெளிர் நீலம் முதலில், உடல் முழுக்க. நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜன்னல் வரிசையில் கருநீலப் பட்டை. டேப்பின் விளிம்பில் முதலில் அதே வெளிர் நீலத்தை மெல்ல அடித்துவிட்டால், கசிவு ஏதும் இருந்தாலும் அந்த நிறமே கசிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். பிறகு அடிக்கும் கருநீலத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக வரும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் லாக்கர் வகைப் பெயின்ட்டை அடிக்கவே வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சில் படிந்து வெண்மை தட்டும்.

நிறத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அசல் பெயின்ட்டையே டப்பாவிலிருந்து எடுத்து மாடலில் அடித்தாலும், அது அசலைவிடக் கருமையாகத்தான் தெரியும். சிறிய பரப்பு குறைந்த ஒளியைத் திருப்பி அனுப்புகிறது; அதோடு, அசல் ரயிலை நாம் எப்போதும் தொலைவிலிருந்து, வெட்டவெளிச்சத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை சேர்த்துக்கொள்வார்கள்.

எழுத்துகளுக்கு நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் டீக்கால். அதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் பூச வேண்டும். சொரசொரப்பான பரப்பில் டீக்காலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளையாகத் தெரியும். ஒட்டிய பிறகு மங்கலான வார்னிஷ். கடைசியாக, பிரேக் கட்டைகள் தேய்ந்து பறக்கும் பழுப்புத் தூளை நினைவில் வைத்து, போகியிலும் உடலின் கீழ்விளிம்பிலும் வண்ணப்பொடியைக் கொஞ்சமாகத் தடவுவார்கள்.

ஒரு பெட்டி, ஒரு தேதி

இத்தனை திறமையும் இருந்தும் மாடல் பொய்யாகிவிடுவது ஒரே இடத்தில்: காலக் குழப்பத்தில். நம் பெட்டிகள் வெகுகாலம் செங்கல் சிவப்பில் ஓடின. 1990-களில் வெற்றிட பிரேக்கிலிருந்து காற்று பிரேக்குக்கு மாறியபோது நீலம் வந்தது. 2018-இல் தொடங்கிய உத்கிருஷ்ட் திட்டத்தில் பல ஐசிஎஃப் பெட்டிகள் பழுப்பும் வெளிர்மஞ்சளுமாக மாறின. ஐந்து இலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டைச் சொல்லும். கடைசி மூன்று இலக்கம் வகையைச் சொல்லும். 200-க்கு மேல் 400 வரை ஸ்லீப்பர். அதற்கு மேல் 600 வரை பொதுப் பெட்டி. 10-இல் தொடங்கும் எண்ணைச் செங்கல் சிவப்பு ஸ்லீப்பரில் ஒட்டினால், அப்படி ஒரு பெட்டி இந்தியத் தண்டவாளத்தில் ஓடவே இல்லை.

எனவே பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் முடிவுசெய்ய வேண்டியது, எந்த ரயில், எந்த ஆண்டு என்பதைத்தான். புதிதாகத் தொடங்குபவர் இன்ஜினில் கைவைக்காமல் ஒரே ஒரு பழைய பெட்டியை எடுத்துக்கொள்ளட்டும். சக்கரம், எடை, நுணுக்கம், பெயின்ட், எண் என்று செட்டிபல்லி வரிசையிலேயே செய்யட்டும். புனேயில் பாவூசாகேப் ஜோஷி உருவாக்கி 1998 ஏப்ரல் 1-இல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்தால், ஒருவருடைய ஆர்வம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது தெரியும். அசல் பெட்டிகளைப் பக்கத்தில் நின்று பார்க்க, சென்னை ஐசிஎஃப் அருகே 2002 முதல் இயங்கும் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்பத்தோடு 1955 அக்டோபர் 2-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐசிஎஃப், தன் பழைய வகைப் பெட்டிகளில் கடைசியை 2018 ஜனவரியில் வழியனுப்பிவிட்டது. அந்தப் பெட்டிக்கு விதித்த ஆயுள் 25 ஆண்டு. எல்எச்பி வரவர அதற்கு முன்பே பல பெட்டிகள் ஓய்வு பெறுகின்றன. இரண்டு தலைமுறைத் தமிழர்கள் திருப்பதிக்குப் போய்வந்த பெட்டி அது. அதன் அளவுகள், கம்பிகளின் இடைவெளி, எழுத்துகளின் உயரம், அடிப்பகுதியின் அமைப்பு எல்லாவற்றையும் அளந்து, படமெடுத்து, மாடலாகச் செய்துவைக்க வேண்டிய காலம் இது. அப்படிக் கவனமாகச் செய்த ஒவ்வொரு மாடலும் பொம்மைக்கும் மேலான ஓர் ஆவணம்.