அண்டை நாட்டின் ஆகாயம்

1997-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, ஜெர்மானிய விமானப் படைக்குச் சொந்தமான டுபோலெவ் விமானம் ஒன்று, கொலோன் நகரிலிருந்து புறப்பட்டு, நைஜர் நாட்டின் தலைநகராகிய நியாமேயில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் கிளம்பி, நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹுக்கை நோக்கித் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலாகப் பறந்து வந்துகொண்டிருந்தது. அதே வேளையில், நமீபியாவில் கண்ணிவெடி அகற்றும் பணிக்குத் துணையாக வந்து திரும்பிய அமெரிக்க விமானப் படையின் சரக்கு விமானம் ஒன்று, விண்ட்ஹுக்கிலிருந்து கிளம்பி அசென்ஷன் தீவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இரண்டும் 35,000 அடி உயரத்தில், நமீபியக் கரைக்கு மேற்கே, கடலின் மேல் மோதின. இரண்டிலும் இருந்த 33 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

டுபோலெவ் தான் செல்லும் திசைக்கு உரியதல்லாத உயரத்தில் பறந்தது முதற் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது; மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இரண்டு விமானங்களிலும் இல்லை என்பதும் தெரியவந்தது. ஆனால் என் மனத்தை இன்றுவரை உறுத்துவது மூன்றாவதான விஷயமே. அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவின் கட்டுப்பாட்டு நிலையம், இப்படியொரு விமானம் தெற்கே வருகிறது என்னும் செய்தியை அண்டை நாடாகிய நமீபியாவுக்கு அறிவிக்கவில்லை. ஆகவே அமெரிக்க விமானத்துக்கு வழிவிட்ட விண்ட்ஹுக் கட்டுப்பாட்டாளர், எதிரே ஒன்று வருவதை அறியாமலே தம் கடமையைச் செய்தார். ஒரு வாக்கியச் செய்தி ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டை எட்டியிருந்தால், அந்த 33 உயிர்களும் தரையைத் தொட்டிருக்கக்கூடும்.

ஆகாயத்தில் செல்லும் விமானத்தைக் காப்பவை அதன் இயந்திரங்களும் விமானியின் திறமையும் மட்டுமல்ல. பழைய நாளில் ஓர் ஊரின் காவற்காரன் வழிப்பிரயாணியைத் தன் எல்லைவரை கொண்டுவந்து அடுத்த ஊர்க் காவற்காரனிடம் ஒப்படைத்துத் திரும்பியதுபோல, ஒரு தேசத்தின் விமானக் கட்டுப்பாட்டாளர், இன்ன விமானம் இன்ன உயரத்தில் இன்ன நேரத்துக்கு உங்கள் எல்லைக்குள் வரும் என்று அடுத்த தேசத்தாருக்கு முன்னதாகவே அறிவித்து, அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று அறிந்த பிறகே தம் பொறுப்பைக் கைவிட வேண்டும். ராடார்கள் நெருக்கமாக நிறைந்த ஐரோப்பாவில் இந்தச் செய்தி தவறினாலும், வருகின்ற விமானம் திரையில் தென்பட்டுவிடும். சகாராப் பாலைவனத்தின் மேலும், காங்கோக் காடுகளின் மேலும், இரு சமுத்திரங்களின் மேலும் நெடுங்காலம் ராடாரின் பார்வை எட்டவேயில்லை. அங்கே அந்த ஒப்படைப்புச் செய்தி ஒன்றே காப்பு. அதுவும் நம்பத்தக்கதாக இல்லாத காரணத்தால், ஆப்பிரிக்க ஆகாயத்தில் பறக்கும் விமானிகள் 126.9 மெகாஹெர்ட்ஸ் என்ற பொது அலைவரிசையில் தம் இருப்பிடத்தையும் உயரத்தையும் தாமே ஒருவருக்கொருவர் உரக்க அறிவித்துக்கொண்டு செல்லும் முறை ஒன்று ஏற்பட்டது.

ஆப்பிரிக்கர்களுக்குக் கூட்டுறவு தெரியாது என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது பெரும் அநீதியாகும். ஏனெனில், அந்த விபத்து நடப்பதற்கு ஏறக்குறைய 38 ஆண்டுகளுக்கு முன்பே, 1959 டிசம்பர் 12-ஆம் தேதி, செனகல் நாட்டின் செயின்ட் லூயி நகரில், விடுதலையின் வாயிலில் நின்ற பிரெஞ்சு ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடி, தத்தம் ஆகாயத்தைத் தனித்தனியே காப்பதைவிட ஒரே ஸ்தாபனத்தின் பொறுப்பில் விடுவதே மேல் என்று தீர்மானித்தன. அசெக்னா என்று சுருக்கமாக வழங்கும் அந்த ஸ்தாபனத்தின் பொறுப்பில் இன்று சுமார் 1 கோடி 60 லட்சம் சதுர கிலோமீட்டர் ஆகாயம் இருக்கிறது. இது இந்தியாவின் நிலப்பரப்பைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. டாக்காரில் நிலப்பகுதிக்கு ஒன்றும் கடற்பகுதிக்கு ஒன்றுமாக இரண்டு, நியாமே, என்ஜமீனா, பிராஸவில், அந்தனானரிவோ ஆகிய இடங்களில் ஒவ்வொன்று என, இந்தப் பரப்பு ஆறு விமானத் தகவல் பிரதேசங்களாக வகுக்கப்பட்டுள்ளது. பிரான்ஸும் இதில் அங்கத்தினர் என்பதால், இது பழைய ஆதிக்கத்தின் மறுவடிவம் என்ற குற்றச்சாட்டு எழாமல் இல்லை. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. 1974 அக்டோபரில் டாக்காரில் கையெழுத்தான புதிய உடன்படிக்கையின் பின்னரே, இது மெய்யாகவே ஆப்பிரிக்கர்களின் ஸ்தாபனமாகத் தலைநிமிர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதே நாடுகளில் பல, இதே காலத்தில், இன்னொரு கூட்டு முயற்சியிலும் இறங்கின. 1961 மார்ச்சில் கேமரூனின் தலைநகரான யவுந்தேயில் 11 நாடுகள் கூடி, ஏர் ஆப்பிரிக் என்ற பொது விமானக் கம்பெனியைத் தோற்றுவித்தன. நாட்டுக்கு நூற்றுக்கு 6 பங்கு வீதம் 66 பங்குகளும், பிரெஞ்சுக்காரர்களுக்கு மிச்சமுள்ள 34 பங்குகளுமாக அதன் மூலதனம் அமைந்தது. அதன் விமானங்களைக் கண்டு மேற்கு ஆப்பிரிக்க மக்கள் கொண்ட பெருமிதம் சாமானியமானதல்ல. ஆனால் எந்த ஊருக்கு வாரத்தில் எத்தனை தடவை விமானம் வரவேண்டும், யாருடைய நாட்டவருக்கு உத்தியோகம், யாருக்குத் தலைமை என்ற பிணக்குகள் ஓயவேயில்லை. கேமரூனும் காபோனும் எழுபதுகளிலேயே விலகித் தமக்கென்று தனிக் கம்பெனிகளை வைத்துக்கொண்டன. 1994 ஜனவரியில் அந்நாடுகளின் பொது நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டபோது, அன்னிய நாணயத்தில் வாங்கிய கடனெல்லாம் இரண்டு மடங்காகிக் கம்பெனியின் முதுகை ஒடித்தது. 2002-ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. கிழக்கே கென்யாவும் உகாண்டாவும் டான்ஸானியாவும் சேர்ந்து நடத்திய ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஏர்வேஸும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற வழக்கிலேயே 1977-இல் மடிந்தது.

ஒரே நாடுகள், ஒரே தலைவர்கள், ஒரே காலம். ஒரு கூட்டு வாழ்ந்தது, மற்றொன்று மாண்டது. இதன் காரணத்தை ஆராய்வதில்தான் இந்தக் கட்டுரையின் முழு அக்கறையும் அடங்கியிருக்கிறது. விமானக் கம்பெனி என்பது பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஒரு சொத்து. ஒரு நாட்டுக்குக் கிடைக்கும் விமானம் இன்னொரு நாட்டுக்குக் கிடைக்காத விமானம். ஆகாயக் காவலோ அப்படிப்பட்டதன்று. நைஜரின் மேல் விமானம் பத்திரமாகச் சென்றால், அதனால் மாலிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாறாக, நைஜரில் பத்திரம் இல்லாவிட்டால், மாலியின் வழியும் பயனற்றுப்போகும். ஆகாயக் காவலின் வருமானமோ பெரும்பாலும் அன்னிய விமானங்களிடமிருந்து, பறந்த தூரத்தையும் விமானத்தின் எடையையும் கணக்கிட்டு வசூலிக்கும் கட்டணமாக வருகிறது. சாடு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு போன்ற கடலில்லா நாடுகளுக்குச் சொந்த விமானங்கள் மிகச் சில. ஆனால் ஐரோப்பாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பறக்கும் விமானங்கள் கடக்க வேண்டிய ஆகாயம் அவற்றினிடம் ஏராளம். அத்தகைய நாடு தனியே ஒரு கட்டுப்பாட்டு நிலையத்தைக் கட்டி, ஆட்களுக்குப் பயிற்சியளித்து, கருவிகளைப் புதுப்பித்து நடத்த முயன்றால் மூச்சுத் திணறிப்போகும். ஒன்றாகச் சேர்ந்தபோது, நியாமேயில் கட்டுப்பாட்டாளருக்கும் வானிலை நிபுணருக்கும் பொதுவாக ஒரு கல்லூரி, டூவாலாவில் விமான நிலையத் தீயணைப்போருக்கு ஒரு பள்ளி என, தனித்து நின்றால் கனவிலும் காணமுடியாத சாதனங்கள் அவற்றுக்குக் கிட்டின.

பெரிய ஸ்தாபனம் இல்லாமலும் இத்தகைய கூட்டு கைகூடும் என்பதற்குச் சாட்சி, கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகள் ராபர்ட்ஸ் என்ற பெயரில் வைத்திருக்கும் பொது விமானத் தகவல் பிரதேசம். ஒன்று பிரெஞ்சு பேசும் நாடு, மற்ற இரண்டும் ஆங்கிலம் பேசுபவை. லைபீரியாவிலும் சியரா லியோனிலும் கொடிய உள்நாட்டு யுத்தங்கள் மூண்டன. அப்படியிருந்தும் அந்த ஏற்பாடு அறுந்துபோகவில்லை.

இவை எல்லாவற்றினும் என்னை நெகிழ வைப்பது சோமாலியாவின் கதை. 1991-இல் அந்நாட்டில் அரசு என்பதே இல்லாமற்போயிற்று. ஆனால் அதன் ஆகாயமோ இந்து மகாசமுத்திரத்தின் மேல் வெகுதூரம் பரந்து, நம் மும்பை நிலையத்தின் எல்லையைத் தொடுவது; இந்தியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் விமானங்களுக்கு ராஜபாட்டை போன்றது. அரசு இல்லை என்பதற்காக விமானங்கள் நிற்கவில்லை. ஆகவே ஐக்கிய நாடுகள் சபையும் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமும் 1996 முதல் ஒரு பராமரிப்பு அதிகார சபையை அமைத்து, அண்டை நாடான கென்யாவின் நைரோபியிலிருந்து சோமாலிய ஆகாயத்துக்குத் தகவல் சேவை அளித்துவந்தன; கடந்துசெல்லும் விமானங்கள் செலுத்திய கட்டணமே அதற்கு ஆதாரமாயிற்று. அப்பொறுப்பு 2017 டிசம்பரில் மொகதிஷுவுக்குத் திரும்பியது. 2023 ஜனவரி 26-ஆம் தேதி, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், வெறும் தகவல் சேவை என்ற நிலை மாறி, முழுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ‘ஏ’ வகுப்பு ஆகாயமாக அது மீண்டும் அறிவிக்கப்பட்டது. அரசு நிலைகுலைந்த ஒரு நாட்டின் ஆகாயத்தை, அண்டை நாடு தன் மண்ணில் இடம்கொடுக்க, சர்வதேச நிறுவனங்கள் இருபது ஆண்டுக்கு மேல் காத்து, உரியவனிடம் திருப்பிக் கொடுத்தன என்பது சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்கது. 2024-இன் தொடக்கத்தில், சோமாலியாவிலிருந்து பிரிந்து நிற்கும் சோமாலிலாந்துடன் மூண்ட தகராறினால், அதே ஆகாயத்தில் ஒரே விமானத்துக்கு இரண்டு இடங்களிலிருந்து முரண்பட்ட உத்தரவுகள் வானொலியில் வந்தன என்று கேட்டபோது, நெஞ்சம் பதைபதைத்தது. உரிமை யாருடையது என்பதைத் தரையில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வாதாடலாம். 35,000 அடி உயரத்திலுள்ள விமானிக்கு ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும்.

1997-இல் அறுந்திருந்த அந்தச் செய்திக் கம்பியைப் பிணைக்கும் வேலை அதன் பிறகு உழைப்புடன் நடந்திருக்கிறது. அண்டைத் தலைநகரங்கள் இரண்டு பேசிக்கொள்வதற்கே ஐரோப்பாவைச் சுற்றிச் செல்லவேண்டியிருந்த தொலைபேசி வசதியை நம்பியிராமல், கட்டுப்பாட்டு நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாக நேரே இணைக்கும் வலைகள் உண்டாயின. தென்பகுதியிலும், பிறகு வடகிழக்குப் பகுதியிலும், தென் ஆப்பிரிக்காவின் விமானக் கட்டுப்பாட்டு நிறுவனமாகிய ஏ.டி.என்.எஸ். அவற்றை நிறுவியது. மேற்கிலும் மத்தியிலும் அசெக்னாவும் அதன் அண்டையாரும் தமக்கென ஒன்றை அமைத்தார்கள். அதன் பயன் 2008 செப்டம்பர் 25-ஆம் தேதி வெளிப்பட்டது. 29,000 முதல் 41,000 அடி வரையிலான உயரத்தில், விமானத்துக்கும் விமானத்துக்கும் இடையே 2,000 அடி விட்டிருந்த செங்குத்து இடைவெளியை 1,000 அடியாகக் குறைக்கும் புதிய முறையை, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அன்று மேற்கொண்டது. ஒரு நாடு பழைய முறையிலும் அண்டை நாடு புதிய முறையிலும் நின்றால் எல்லையில் ஆபத்து என்பதால், அப்பகுதியின் அத்தனை நாடுகளும் ஒரே தினத்தில் ஒன்றாக மாறவேண்டியிருந்தது. மாறின. விமானங்கள் உயரத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கின்றனவா என்று கண்காணிக்கும் அலுவலகத்தை அப்பகுதிக்காக ஏ.டி.என்.எஸ். நடத்திவருகிறது.

2020 செப்டம்பரில், செயற்கைக்கோள் வழிகாட்டுதலைத் துல்லியமாக்கும் திருத்தச் சமிக்ஞையை அசெக்னா ஒலிபரப்பத் தொடங்கியது. அதைச் சுமந்து சென்றது நைஜீரியாவின் செயற்கைக்கோள். நைஜீரியாவோ அசெக்னாவின் அங்கத்தினர் அன்று. மறு ஆண்டு ஜனவரியில் டோகோவின் லோமே நகரில் அதைக் கொண்டு விமானம் இறங்கிக் காட்டப்பட்டது.

குறைகளையும் மறைக்கலாகாது. 2022 செப்டம்பரில் அசெக்னாவின் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் விமானங்கள் பெருவாரியாக நின்றன. ஒன்றாகக் கட்டியது ஒன்றாகவே நின்றுபோகும் என்பது அன்று தெரிந்தது. ஊழியரின் ஊதியக் குறையையும் பணிநிலைமையையும் அரசுகள் அவ்வப்போது கேட்டுத் தீர்க்காவிட்டால், இது மறுபடியும் நேரும். 2023 ஏப்ரலில் சூடானில் யுத்தம் மூண்டு அதன் ஆகாயம் அடைபட்டது. ஆகஸ்டில், ராணுவப் புரட்சிக்குப் பின் நைஜரும் தன் ஆகாயத்தை அடைத்தது. ஏற்கெனவே விமானங்கள் ஒதுக்கிவந்த லிபியாவோடு சேர்ந்து, கண்டத்தின் நடுவில் ஒரு பெருஞ்சுவரே எழுந்தது. தெற்கே செல்லப் புறப்பட்ட சில விமானங்கள் நடுவழியில் திரும்பின. மற்றவை பல நூறு மைல் சுற்றிச் சென்றன. அண்டை நிலையங்கள் எதிர்பாராத நெரிசலை ஏற்று, விபத்தின்றி அந்தக் காலத்தைக் கடத்தின. செப்டம்பர் 4-ஆம் தேதி நைஜரின் ஆகாயம் திறந்தது.

ஆப்பிரிக்க விமானக் கம்பெனிகள் கண்டத்தின் எந்த நாட்டுக்கும் தடையின்றிப் பறக்கலாம் என்ற யமுசுக்ரோ தீர்மானம் 1999-இல் நிறைவேறியது. அதை மெய்யாக்குவதற்கான ஒற்றை ஆப்பிரிக்க விமானச் சந்தை 2018 ஜனவரியில் 23 நாடுகளுடன் அடிஸ் அபாபாவில் தொடங்கப்பட்டது. அது இன்னும் தள்ளாடியே நடக்கிறது, ஏனெனில் ஒவ்வொரு நாடும் தன் கம்பெனிக்குப் போட்டி வருமே என்று அஞ்சுகிறது. மறுபுறம், ஆகாயக் காவலில் அத்தகைய அச்சம் தடுக்கவில்லை. கினி-பிஸாவ் போர்த்துக்கீசிய ஆட்சியிலும் எக்குவடோரியல் கினி ஸ்பானிய ஆட்சியிலும் இருந்தவை. அவை அசெக்னாவில் அங்கத்தினர். அண்மையில் ருவாண்டாவும் சேர்ந்திருக்கிறது. கானாவும் நைஜீரியாவும் அசெக்னாவுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு, தத்தம் ஆகாயத்தைத் தனியே காத்துவருகின்றன. அவை தம் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்து அங்கத்தினர் ஆகவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லையின் இருபுறமும் ஒரே திரையில் விமானம் தெரியும்படி கண்காணிப்புத் தகவலைப் பகிர்ந்துகொள்வதும், வழிக்கட்டணம் என்று வசூலான பணம் அரசாங்கக் கருவூலத்தில் கரையாமல் கருவிகளுக்கும் பயிற்சிக்குமே திரும்புவதற்குச் சட்டம் செய்வதும் எல்லா நாடுகளும் நாளைக்கே தொடங்கக்கூடிய காரியங்கள். இவற்றுள் முதலாவதை அக்ராவும் லாகோஸும் லோமேயும் தமக்குள் முடிக்க ஒரு மகாநாடுகூடத் தேவையில்லை.