ஓயாத சண்டை, பிரியாத ஜோடி

ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், "எலியும் பூனையும் மாதிரி இருக்கிறார்கள்" என்று சொல்லுவது நம் வழக்கம். அண்ணன் தம்பியானாலும் சரி, நாத்தனார் மதனியானாலும் சரி, இந்த ஓர் உவமையிலேயே விஷயம் விளங்கிவிடும். ஆனால் எலியையும் பூனையையும் மாத்திரம் யாரும் விசாரித்ததில்லை. "உங்களுக்குள் உண்மையிலேயே அவ்வளவு ஜன்மப் பகையா?" என்று கேட்டால் அவை என்ன சொல்லும்?

அந்தக் கேள்விக்குப் பதினெட்டு வருஷ காலம் படம் படமாகப் பதில் சொன்னவர்கள், வில்லியம் ஹான்னா, ஜோஸப் பார்பெரா என்ற இரண்டு அமெரிக்கர்கள். டாம் என்னும் பூனையும் ஜெர்ரி என்னும் சுண்டெலியும் அவர்களுடைய கைவண்ணம். 1940 முதல் 1958 வரையில் 114 குட்டிப் படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷந்தான் ஓடும். கதையோ அநேகமாக ஒரே கதை. பூனை துரத்துகிறது, எலி ஓடுகிறது, கடைசியில் பூனை உதை வாங்குகிறது. "பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்" என்ற பழமொழியைத் தலைகீழாகத் திருப்பி வைத்ததுதான் விசேஷம்.

ஒரே கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் பாட்டி சொல்லும் கதைகூட அலுத்துவிடும். இது அலுக்கவில்லை. இன்றைக்கும் நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால், வாயில் வைத்த சாதத்தை விழுங்க மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் நின்று அதட்ட வந்த அம்மாவும் அப்படியே நின்று விடுகிறாள்! அந்த மாயம் என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம்.

இன்னொரு சாமான் உடைந்தால்...

முதல் படம் 1940-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி வெளியாயிற்று. கலிபோர்னியாவில் கல்வர் ஸிடி என்ற ஊரிலிருந்த மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியின் கார்ட்டூன் ஸ்டூடியோவில் தயாரான படம். 'பஸ் கெட்ஸ் தி பூட்' என்று பெயர். பூனைக்கு வீட்டை விட்டுச் சீட்டுக் கிழிகிறது என்று அர்த்தம். அதில் பூனையின் பெயர் டாம் அல்ல, ஜாஸ்பர். சுண்டெலியைப் படத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

எலியைத் துரத்துகிற வேகத்தில் ஜாஸ்பர் ஒரு சாமானை உடைத்து விடுகிறது. வீட்டைக் கவனித்துக் கொள்ளும் அம்மாளுக்கு வந்ததே கோபம்! "இன்னும் ஒரே ஒரு சாமான் உடையட்டும், உன்னை வெளியே துரத்தி விடுகிறேன்" என்று எச்சரித்து விட்டுப் போகிறாள். இது எலியின் காதில் விழுந்துவிடுகிறது. அவ்வளவுதான், மேஜை விளிம்புக்கு ஓடிப்போய் ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று விடுகிறது. கிட்டே வந்தால் கீழே போட்டு விடுவேன் என்ற பாவனை! பாவம், பூனை என்ன செய்யும்? நாலு கால் பாய்ச்சலில் வந்த வேட்டைக்காரர் நொடியில் கிளாஸ் காக்கும் காவல்காரர் ஆகிவிடுகிறார்.

அடிதடி என்று நாம் நினைக்கிற படத்தின் ஆரம்பத்திலேயே இவ்வளவு நுட்பமான யோசனை இருக்கிறது. பலசாலியை ஜயிக்கப் பலம் வேண்டாம். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தால் போதும். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படம் ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசானது. இருந்தும் ஸ்டூடியோ நிர்வாகிக்கு அதில் நாட்டமில்லை. பூனையையும் எலியையும் வைத்து இன்னும் எத்தனை படம் எடுக்க முடியும் என்பது அவர் கட்சி. அந்தச் சமயத்தில் டெக்ஸாஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெஸா ஷார்ட் என்ற பெண்மணி. திரையரங்குத் தொழிலில் இருந்தவர். "அந்தப் பூனை எலிப் படம் இன்னும் வருமா?" என்று அவர் விசாரித்திருந்தார். நிர்வாகத்தின் மனம் மாறியது. ஒரு பெண்மணி கேட்ட ஒரு கேள்வியில் பிழைத்த ஜோடி என்று டாமையும் ஜெர்ரியையும் தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு பெயர் சூட்டும் வைபவம். ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு போட்டி வைத்தார்கள். ஜான் கார் என்ற சித்திரக்காரர் சொன்ன 'டாம், ஜெர்ரி' என்ற பெயர்கள் தேறின. அவருக்குக் கிடைத்த பரிசு 50 டாலர். உலகத்தில் இவ்வளவு மலிவான நாமகரணம் வேறு நடந்திருக்காது!

சிரிப்புக்கும் கணக்கு உண்டு

ஹான்னாவும் பார்பெராவும் இரு வேறு துருவங்கள். பார்பெரா நியூயார்க் நகரத்துப் பிள்ளை. பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பத்திரிகைகளுக்குச் சிரிப்புப் படம் போட்டவர். பென்ஸிலை எடுத்தால் கோமாளித்தனம் தானாக வரும். ஹான்னா கட்டட வேலையில் இருந்து, பொருளாதார மந்தத்தில் அந்த வேலை போய், கார்ட்டூன் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தவர். சங்கீத ஞானம் உண்டு; காலப் பிரமாணத்தில் புலி. "எந்த இடத்தில் அடி விழ வேண்டும்?" என்று பார்பெரா வரைவார். "எத்தனையாவது கணத்தில் விழ வேண்டும்?" என்று ஹான்னா கணக்குப் போடுவார்.

இந்தக் கணக்கு லேசானதல்ல. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் கண்முன் ஓடுகின்றன. ஏழு நிமிஷத்துக்கு 10,080 படங்கள்! டாமின் தலையில் வாணலி விழ வேண்டும் என்றால், விழுவதற்கு முன்னால் அது நிலைமையைப் புரிந்துகொண்டு நம்மைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்க்க வேண்டும். அந்தப் பார்வை கொஞ்சம் குறைந்தால் சிரிப்பு வராது. கொஞ்சம் கூடினால் பரிதாபம் வந்துவிடும். தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற பதம் மாதிரிதான் இதுவும்.

சங்கீதம் ஸ்காட் பிராட்லி என்பவருடையது. பூனை பதுங்கி நடந்தால் வாத்தியமும் பதுங்கும். எலி மாடிப்படியில் உருண்டால் சுரங்களும் உருளும். டாமும் ஜெர்ரியும் அநேகமாகப் பேசுவதே இல்லை. ஆகையால் பாஷை தெரியாத ஊர்களிலும் படம் செல்லுபடியாயிற்று. டாம் வால் நசுங்கிக் கத்துகிறதே ஓர் அலறல், அது யாருடைய குரல் தெரியுமா? சாக்ஷாத் ஹான்னாவின் குரலேதான்!

இவர்கள் எடுத்த படங்களில் ஏழு, ஆஸ்கார் பரிசு பெற்றன. ஆனால் பரிசுச் சிலைகள் தயாரிப்பாளர் என்ற முறையில் பிரெட் குவிம்பிக்குப் போய்ச் சேர்ந்தன. வரைந்தவர்களும் கணக்குப் போட்டவர்களும் சபையில் உட்கார்ந்து கை தட்டவேண்டியதுதான்.

அவர்களுக்கும் பின்னால் இன்னொரு கூட்டம் இருந்தது. சித்திரக்காரர்கள் காகிதத்தில் போட்ட கோடுகளைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாளில் மையால் இழைத்து, பின்புறம் வர்ணம் பூசித் தர வேண்டும். கோலத்துக்கு இழை இழுப்பதுபோல் கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை. அந்நாளைய ஹாலிவுட் கார்ட்டூன் ஸ்டூடியோக்களில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. திரையில் டாமின் மீசை மின்னியது. மீசையை இழைத்த மங்கையரின் பெயர்கள் திரையில் வரவில்லை.

ஒருவரில்லாமல் ஒருவரில்லை

இனி நம் கேள்விக்கு வருவோம். இருவருக்கும் ஜன்மப் பகைதானா?

1941-ல் வந்த கிறிஸ்துமஸ் படத்தைப் பாருங்கள். டாம் ஜெர்ரியை வெளியே பனியில் தள்ளிக் கதவை அடைத்து விடுகிறது. வீட்டுக்குள் கதகதப்பு, வெளியே பனிப்புயல். டாமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் கதவைத் திறந்து, விறைத்துக் கிடக்கும் எலியைத் தூக்கி வந்து கணப்பருகே வைத்துப் பிழைக்க வைக்கிறது. கண் விழித்த ஜெர்ரி செய்கிற முதல் காரியம் என்ன? டாமின் பால் கிண்ணத்தில் தான் ஏற்கனவே ஒளித்து வைத்திருந்த எலிப்பொறியை வெளியே எடுத்து விடுகிறது! "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது இதுதானே?

1943-ல் வந்த 'தி லோன்ஸம் மவுஸ்' இன்னும் வேடிக்கை. ஜெர்ரி சூழ்ச்சி செய்து டாமை வீட்டை விட்டே விரட்டிவிடுகிறது. முதலில் ஒரே குதூகலம். கொஞ்ச நேரத்தில் வீடு வெறிச்சென்று ஆகிவிடுகிறது. துரத்த ஆளில்லை, ஓடுவதில் என்ன சுவை? பிறகு டாமுடன் ரகசியமாக ஒப்பந்தம் செய்துகொண்டு, அந்த அம்மாளைப் பயமுறுத்தி, பூனையை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டு வந்து சேர்க்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் டாமின் முறை. அதற்குப் பத்து லட்சம் டாலர் சொத்து வருகிறது. ஒரே ஒரு நிபந்தனை: எந்த ஜீவனுக்கும், எலிக்குக்கூட, தீங்கு செய்யக் கூடாது. நிபந்தனை தெரிந்த ஜெர்ரி சும்மா இருக்குமா? படுத்தாத பாடெல்லாம் படுத்துகிறது. டாமும் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறது. கடைசியில், "போகட்டும் சொத்து, எனக்குச் சந்தோஷம்தான் பெரிது" என்று எலியின் மேல் பாய்ந்து விடுகிறது. பத்து லட்சத்தை விட ஒரு நல்ல சண்டை உசத்தி!

ஒரு விசித்திரத்தையும் கவனியுங்கள். 1956-ல் வந்த 'புளூ காட் புளூஸ்' என்ற படத்தில் இருவரும் சண்டைக்காரர்கள் அல்ல, அத்தியந்த நண்பர்கள். அதுதான் இந்த வரிசையிலேயே மிகத் துயரமான படம். காதலில் ஏமாந்த இருவரும் ரயில் தண்டவாளத்தில் அருகருகே உட்கார்ந்திருக்க, தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்பதோடு படம் முடிகிறது. மற்றப் படங்களில் வெடிகுண்டு வெடித்தும் அடுத்த கணம் எழுந்து ஓடியவர்கள், சண்டை ஓய்ந்ததும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்து விட்டார்கள்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை

"எல்லாம் சரி, குழந்தைகள் இதைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் அடித்துக் கொண்டால்?" என்ற கவலை நியாயமானது. இந்தப் படங்களில் அடி உண்டு, வலி இல்லை. தட்டையாகிப் போன டாம் ஒரு நொடியில் உப்பிக்கொண்டு எழுந்து விடும். நிஜ வாணலிக்கு அந்தக் குணம் கிடையாது. சின்னக் குழந்தைக்கு இது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து நாம்தான் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. பழைய படங்களில் வரும் வீட்டைக் கவனிக்கிற அம்மாள் கறுப்பினப் பெண்மணி. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் தெரிவாள். லில்லியன் ராண்டால்ப் என்ற கறுப்பின நடிகை அருமையாகக் குரல் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஜனங்களைப் பரிகாசம் செய்யும் வழக்கமான அச்சில் வார்த்த பாத்திரம் அது. வெடியில் முகம் கரியாவதை வைத்தும் அதே மாதிரிப் பரிகாசங்கள் உண்டு. கறுப்பின மக்கள் ஆட்சேபித்தார்கள். 1952-க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. பூனையின் தலையில் விழுந்த அடி வலிக்கவில்லை. மனிதர்களின் மேல் விழுந்த இந்த அடி வலித்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொன்னால் அதுவும் ஒரு பாடம்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு

1957-ல் கம்பெனியார் ஒரு கணக்குப் பார்த்தார்கள். பழைய படங்களை மறுபடி வெளியிட்டாலே, புதுப் படத்துக்கு வருகிற பணத்தில் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடுகிறதாம். பின் எதற்குப் புதுப் படம்? கார்ட்டூன் ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். டாமும் ஜெர்ரியும் தங்களுடைய வெற்றியாலேயே வேலை இழந்தார்கள்; அவர்களை வரைந்தவர்களுந்தான்.

ஹான்னாவும் பார்பெராவும் பிரியவில்லை. அதே வருஷம் சொந்தக் கம்பெனி ஆரம்பித்துத் தொலைக்காட்சிக்குப் படம் எடுத்தார்கள். டாமையும் ஜெர்ரியையும் பிறகு வேறு பேர் வரைந்தார்கள். பிராக் நகரத்தில் ஜீன் டைட்ச் 13 படங்கள் எடுத்தார். ஹாலிவுட்டில் சக் ஜோன்ஸ் 34 படங்கள் எடுத்தார். ஓயாமல் சண்டை போடுகிற ஜோடியைப் படைத்த இருவரோ அறுபது வருஷத்துக்கு மேல் தொழிலில் ஒன்றாகவே இருந்தார்கள்.

2001-ல் ஹான்னா காலமானார். அதற்கு நாலு வருஷத்துக்குப் பிறகு, 2005-ல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பார்பெரா மறுபடியும் ஒரு டாம் ஜெர்ரி குட்டிப் படத்துக்குக் கதை அமைத்து, கூட்டாக டைரக்டும் செய்தார். அவர் 2006-ல் மறைந்தார். அந்த வயதில் அவருக்குப் பணமோ பெயரோ தேவையாயிருந்திருக்காது. ஆயினும் பூனையையும் எலியையும் மறுபடி ஓடவிட்டுப் பார்க்கவேண்டுமென்று தோன்றியிருக்கிறது.

ஆகையால் நேயர்களே, இனிமேல் உங்கள் வீட்டில் யாராவது இரண்டு பேரை "எலியும் பூனையும் மாதிரி" என்று சொல்வதானால் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் நாலு நாள் ஊருக்குப் போயிருக்கும்போது, மற்றவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக எத்தனை தடவை நடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்!