இலையும் கணக்கும்

இலை மட்டமாயிருப்பதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. பூவின் நிறத்தையும் மணத்தையும் பாடிய புலவர் பலர். இலை தட்டையாய் விரிந்ததென்று பாடியவரைக் காண்டல் அரிது. ஆயினும் தாவரங்களின் வளர்ச்சியை எண்ணால் ஆராய்ந்தோர், மட்டமான இலையே அருஞ்செயல் என்பர். அஃது எங்ஙனமென்று நோக்குவோம்.

வட்டமான ஓர் இலையைக் கருதுக. வட்டத்தின் பரிதி விட்டத்தைப்போல ஏறக்குறைய 3.14 மடங்காகும். இலை வளருங்காலும் இவ்விகிதம் மாறாது நிற்றல் வேண்டும். நடுப்பகுதியினும் விளிம்பு மிகுதியாக வளர்ந்தால், மிகுந்த நீளம் அடங்க இடமின்றி விளிம்பு அலைபோல் நெளியும். விளிம்பு குறைவாக வளர்ந்தாலோ, இலை கிண்ணம்போற் குழியும். எண்ணிறந்த கலங்கள் தத்தம் இடத்தில் அளவொத்துப் பெருகினாலன்றி இலை மட்டமாகாது.

வளர்ச்சி இடத்துக்கிடம் வேறுபடும் என்பதை அளந்து கண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். முந்திரிகைக் கொடியின் இளந்தண்டிற் கால் அங்குலத்துக்கு ஒன்றாகச் செம்புள்ளிகள் இட்டு, பின்னர் அவற்றின் இடைவெளிகளை அளந்த முறையை 1727 இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார். புள்ளிகள் யாவும் ஒரே அளவாக விலகவில்லை.

1956 இல் அமெரிக்கரான எறிக்சனும் சக்ஸும் சோளவேரைக் கொண்டு இக்கருத்தைக் கணித வடிவிற் செம்மையாக அமைத்தனர். வேரின் நுனியிலிருந்து நோக்கினால், ஏனைய புள்ளிகள் பின்னோக்கி விலகுவனவாகத் தோன்றும். நுனிக்கு அணித்தானது மெல்ல விலகும்; சேய்த்தானது விரைந்து விலகும். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேக வித்தியாசத்தை அவற்றின் இடைத்தூரத்தால் வகுத்தால், அவ்விடத்து வளர்ச்சிவீதம் கிடைக்கும். இவ்வாறு கணித்தபோது, நீட்சி முழுவதும் நுனியை அடுத்த ஏறக்குறைய ஒரு சதமமீற்றருள் அடங்குதல் புலனாயிற்று. அதற்கப்பாலுள்ள வேர் நீள்வதில்லை.

இலைக்கோ ஒரு வீதம் போதாது. நீளவாட்டுக்கும் அகலவாட்டுக்கும் தனித்தனி வீதம் வேண்டும். 1943 இல் றிச்சார்ட்ஸ், கவனா என்போர் புகையிலைச் செடியின் இலையில் இடப்பட்ட மைக்கட்டங்களின் விரிவைக் கொண்டு இத்தகைய கணிப்பைச் செய்தனர். இங்கிலாந்தின் ஜோன் இன்ஸ் நிலையத்தார் 2003 இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒன்றை உணர்த்திற்று. ‘ஸ்நப்டிராகன்’ என்னும் பூச்செடியில் ஒரு பரம்பரையலகு பழுதுபட்டால், விளிம்பு மிகையாக வளர்ந்து இலை நெளிந்துவிடுகிறது. மட்டமான இலை தானாக வாய்ப்பதன்று. காக்கப்படும் ஓர் ஒழுங்கு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வாறு அளந்தால் இலையின் அழகு குன்றாதோவென இலக்கிய மாணவர் சிலர் வினவக்கூடும். யாப்புக் கற்றவனுக்கு வெண்பாவின் இன்பம் குன்றியதுண்டோ? தளை பிழையாத வெண்பாவைக் கேட்போர் அதன் ஓட்டத்தையே உணர்வர். தளை தட்டும்போதுதான் விதியொன்று உண்டென்பது பலர்க்கு நினைவில் எழும். மட்டமான இலையும் அத்தகையதே. கணக்கு அதன் இலக்கணம். இலக்கணம் அறிந்தார்க்கு வியப்பு மிகுமேயன்றிக் குறையாது.

ஆசிரியர்கள் இளம் பூசணியிலை ஒன்றில் மையினாற் புள்ளிகள் இட்டு, மாணவரை நாள்தோறும் அளந்து குறிக்கச் செய்வார்களாக. அளவுகோல் ஒன்றும் பொறுமையுமே அதற்கு வேண்டுவன.