பச்சோந்தி பழகுமா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் ஆசையோடு தொட்டு வணங்குகிறோம். பல்லி இனத்தைச் சேர்ந்த உயிருள்ள பச்சோந்திக்கோ நம் கை பட்டாலே அச்சம். கையில் அசையாமல் இருக்கிறதே, பழகிவிட்டது என்பார்கள். கூர்ந்து பாருங்கள்: உடல் உப்பும், நிறம் கறுக்கும், வாய் பிளந்து சீறும். இடுக்கி போன்ற கால்கள் நம் விரலை இறுக்குவது விழாமலிருக்க, பாசத்தால் அல்ல. வெயிலுக்கும் நிறம் மாறும்தான், ஆனால் வெயிலைப் பார்த்து அது சீறுவதில்லை. கையிலிருந்து பூச்சி வாங்கித் தின்கிறதே என்றால், அது இரை கிடைக்கும் இடத்தை அறிந்துகொண்டது, அவ்வளவே. தனித்தே திரியும் உயிருக்குத் துணை தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பதைத் தடுக்கிறது. சாலை நடுவே தள்ளாடி நடப்பதைக் கண்டால் ஒரு குச்சியை நீட்டுங்கள். தானே ஏறிக்கொள்ளும், ஓரத்துப் புதரில் விட்டுவிடலாம்.