அறிவியலுக்குச் சாட்சி சொன்ன தத்துவ ஆசிரியர்

1981 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் முன் ஒரு விசித்திரமான கேள்வி வந்தது. நில உரிமையோ ஒப்பந்த மீறலோ அன்று. அறிவியல் என்றால் என்ன என்பதே அந்தக் கேள்வி. அதற்கு விடை கூறச் சாட்சிக் கூண்டில் ஏறியவர்களுள் ஒருவர், அப்போது 41 வயதான மைக்கேல் ரூஸ். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். உயிரியல் தத்துவம் என்னும் துறை தனித்துறையாக உருப்பெறத் தொடங்கிய காலத்தில் அதைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்ட சிலருள் ஒருவர்.

ரூஸ் 2024 நவம்பரில், தமது 84-ஆம் வயதில் காலமானார். பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் இவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. அறிஞர் ஒருவர் பொதுமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லும்போது, தம் துறையின் நுணுக்கங்களை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்வி எங்கள் துறையையும் விடாது துரத்துவது. அக்கேள்வியை ரூஸ் அளவுக்கு வெளிப்படையாக எதிர்கொண்டவர் குறைவு.

முதலில் வழக்கு. உயிர்களின் தோற்றம் குறித்துப் பள்ளிகளில் பரிணாமக் கொள்கை கற்பிக்கப்பட்டால், 'படைப்பறிவியல்' என்பதற்கும் சமவாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்று ஆர்கன்சா சட்டமன்றம் 1981-இல் 590-ஆம் எண் சட்டத்தை இயற்றியிருந்தது. பேரண்டம் இன்மையிலிருந்து திடீரெனப் படைக்கப்பட்டது, உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம் ஒன்று நிகழ்ந்தது, பூமி அண்மைக் காலத்தில் தோன்றியது, மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் முன்னோர் வேறு வேறு என்பன போன்றவையே அச்சட்டம் தந்த வரையறை. கடவுள் என்ற சொல்லோ விவிலியம் என்ற பெயரோ இல்லாமல், விவிலியத்தின் தொடக்க நூலை அறிவியல் உடையில் வகுப்பறைக்குள் அனுப்பும் முயற்சி அது. நேரடியாகத் தடை விதிக்கும் வழி முன்பே அடைபட்டுவிட்டது: இதே மாநிலத்தின் பழைய பரிணாமத் தடைச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-இல் ரத்து செய்திருந்தது. ஆகவே தடை போய், 'சமவாய்ப்பு' வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் பலர் மதகுருமார்கள். மெத்தடிஸ்ட், எபிஸ்கோப்பல், கத்தோலிக்கத் திருச்சபைகளின் ஆயர்கள் மனுதாரர் பட்டியலில் இருந்தனர். வழக்கு எவர் பெயரால் அறியப்படுகிறதோ, அந்த வில்லியம் மெக்லீனும் ஒரு மெத்தடிஸ்ட் போதகரே. மனுதாரர் தரப்பில் சாட்சி சொன்னவர்களுள் தொல்லுயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட், மரபியலாளர் பிரான்சிஸ்கோ அயாலா ஆகியோருடன் இறையியலாளர் லாங்டன் கில்கியும் இருந்தார். அறிவியல் ஒருபுறம், மதம் மறுபுறம் என்று இந்த வழக்கைச் சித்தரிப்பது எளிது. ஆனால் அது உண்மையன்று.

ரூஸ் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1940-இல் பிறந்தவர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் சூழலில் வளர்ந்தவர். அவர் வளர்ந்த அந்த மரபில் குருவும் இல்லை, சடங்கும் இல்லை. கூடி அமர்ந்து மௌனமாக இருப்பதே வழிபாடு. இளமையிலேயே அவர் நம்பிக்கையை இழந்துவிட்டார். திரும்பப் பெறவும் இல்லை. ஆயினும் மதத்தின் மீது அவருக்குக் கசப்பு ஏற்படவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் படித்து, கனடாவுக்குச் சென்று, 1965 முதல் 35 ஆண்டுகள் குவெல்ஃபில் பணியாற்றினார். 1973-இல் 'உயிரியல் தத்துவம்' குறித்த பாடநூல், 1979-இல் டார்வினியப் புரட்சியின் வரலாறு என்று நூல்கள் வெளிவந்தன. இரண்டாவது நூலே அவரை லிட்டில் ராக்குக்குக் கொண்டுவந்தது எனலாம். டார்வினை வரலாறாகவும் தர்க்கமாகவும் ஒருசேர அறிந்த தத்துவவாதிகள் அன்று மிகச் சிலரே.

கூண்டில் நின்று அவர் சொன்னதன் சாரம் இது. அறிவியல் இயற்கை விதிகளால் வழிநடத்தப்படுவது, அவ்விதிகளைக் கொண்டே விளக்கம் தருவது, உலகோடு ஒப்பிட்டுச் சோதிக்கத்தக்கது, அதன் முடிவுகள் தற்காலிகமானவை, அது பொய்ப்பிக்கத்தக்கது. படைப்பறிவியல் இவற்றுள் எதற்கும் பொருந்தாது. ஆகவே அது அறிவியலன்று, மதம். நீதிபதி வில்லியம் ஓவர்ட்டன் 1982 ஜனவரி 5 அன்று அளித்த தீர்ப்பில் இந்த ஐந்து அளவுகோல்களும் ஏறத்தாழ அப்படியே இடம்பெற்றன. சட்டம் செல்லாது என்றார் அவர். மாநில அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

ஒரு தத்துவப் பேராசிரியருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்? ஆனால் முதல் அடி சொந்த வீட்டிலிருந்தே விழுந்தது. அறிவியல் தத்துவ உலகில் பெருமதிப்புப் பெற்றிருந்த லேரி லாடன், தீர்ப்பு வந்த அதே ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். தீர்ப்பின் முடிவு சரி. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் தவறு என்பது அவர் வாதம்.

லாடனின் தர்க்கம் கூர்மையானது. பூமி சில ஆயிரம் ஆண்டுகளே பழமையானது என்பது சோதிக்க முடியாத கூற்றா? சோதிக்க முடியும், சோதித்தும் ஆயிற்று, பொய் என்று தெளிவாகியும் விட்டது. உலகளாவிய வெள்ளமும் அப்படியே. சோதிக்க முடியாதவை என்று இவற்றைச் சொல்வது, அவற்றைத் தோல்வியிலிருந்து காப்பாற்றுவதாகும். இயற்கை விதியால் விளக்கப்பட வேண்டும் என்ற அளவுகோலும் நில்லாது. ஈர்ப்பு விசை எதனால் இயங்குகிறது என்று விளக்காமலே நியூட்டன் அதை நிறுவினார். மரபுப் பண்புகள் கடத்தப்படும் விதி அறியப்படாத காலத்திலேயே டார்வின் பரிணாமத்தை நிறுவினார். அறிவியலுக்கும் அறிவியல் அல்லாததற்கும் இடையே ஒரே கோடு கிழிக்க முடியாது என்பதே தத்துவவாதிகள் பலரின் முடிவு. அதை மறைத்து நீதிமன்றத்தில் கோடு கிழித்துக் காட்டியது முறையா என்று கேட்டார் லாடன்.

இந்தக் கோட்டைப் பிரபலமாக்கிய கார்ல் பாப்பரே ஒரு காலத்தில் டார்வினியத்தைச் சோதிக்கத்தக்க கோட்பாடன்று என்று எழுதி, 1978-இல் அக்கருத்தைத் திரும்பப் பெற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். பாப்பரின் முதல் கூற்றைப் படைப்புவாதிகள் ஆவலோடு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

இந்த ஐந்து அளவுகோல்களையும் என் துறைமீது வைத்துப் பார்த்தால் நிலைமை சங்கடமானது. 'பிற காரணிகள் மாறாதிருப்பின்' விலை உயர்ந்தால் தேவை குறையும் என்று ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தேவை குறையாவிட்டால் பிற காரணிகள் மாறிவிட்டன என்போம். எந்த உண்மை இந்த விதியைப் பொய்ப்பிக்கும்? ஓவர்ட்டனின் தீர்ப்பைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், பொருளாதாரத் துறையின் பாதி நீதிமன்றத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். லாடன் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

ரூஸ் அளித்த பதில் தத்துவத்தைக் காட்டிலும் சட்டத்தைச் சார்ந்தது. அமெரிக்க அரசியலமைப்பு, தரம் குறைந்த அறிவியலைக் கற்பிப்பதைத் தடைசெய்யவில்லை. அரசு மதத்தை நிறுவுவதையே தடைசெய்கிறது. படைப்பறிவியல் தோற்றுப்போன அறிவியல் என்று சாட்சி சொல்லியிருந்தால், தோற்றுப்போன அறிவியலைக் கற்பிக்கச் சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு என்று எதிர்த்தரப்பு எழுந்து நின்றிருக்கும். நீதிமன்றம் கேட்ட கேள்வி, 'இது அறிவியலா, மதமா' என்பதுதான். அதற்குத்தான் பதில் சொல்ல முடியும்.

இந்த விவாதத்தில் தர்க்கம் லாடன் பக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் கூண்டில் நின்றவர் லாடன் அல்லர். வகுப்பறையில் 'ஆனால்', 'எனினும்' என்று அடுக்கிச் செல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. ஆர்கன்சாவின் பள்ளிப் பிள்ளைகள் மறுபருவத்தில் எதைப் படிப்பார்கள் என்று தீர்மானிக்கப்படும் இடத்தில் அந்த உரிமை சுருங்கிவிடுகிறது. ரூஸ் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான அறிவியலுக்குப் பெரும்பாலும் பொருந்தும் இயல்புகளை, கறாரான விதிகள் போலச் சொன்னார். அந்தச் சுருக்கத்தின் விலையை அவர் பின்னாளில் தொடர்ந்து கொடுத்தும் வந்தார்.

அடுத்த திருப்பம் அவர் தரப்பினரையே திகைக்க வைத்தது. 1993-இல் பாஸ்டனில் நடந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகக் கூட்டத்தில், பரிணாமக் கொள்கையும் சிலர் கையில் மதம் போலச் செயல்பட்டிருக்கிறது என்று அவர் பேசினார். படைப்புவாதிகள் மகிழ்ந்தனர், அறிவியலாளர்கள் சினந்தனர். ஆனால் அவர் சொன்னதில் நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆய்வகத்தில் இயங்கும் பரிணாம அறிவியல் வேறு. அதைக் கொண்டு மனித வாழ்வுக்குப் பொருள் கற்பித்து, முன்னேற்றம் என்னும் நற்செய்தியைப் பரப்பும் பரிணாமவாதம் வேறு. பின்னதற்கு ஹெர்பர்ட் ஸ்பென்சர் முதல் ஜூலியன் ஹக்ஸ்லி வரை நீண்ட மரபு உண்டு. 1996-இல் வெளிவந்த அவரது பெருநூல் இதைத்தான் ஆராய்கிறது. முன்னேற்றம் என்ற சமூகக் கருத்து உயிரியலுக்குள் நுழைந்ததையும், தொழில்முறை உயிரியலாளர்கள் தம் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து அதை விலக்கிவிட்டுப் பொதுவாசகர்க்கான நூல்களில் தக்கவைத்துக்கொண்டதையும் அந்நூல் காட்டுகிறது. விக்டோரியா காலத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் தேவாலயங்களின் சாயலில் எழுந்ததையும் அவர் சுட்டிக்காட்டுவார்.

இந்த இடத்தில் என் துறையும் உள்ளே வருகிறது. 1838-இல் டார்வின் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்தபோதுதான் வாழ்க்கைப் போராட்டம் என்ற எண்ணம் அவருக்குத் திரண்டது. மால்தஸ் ஆங்கிலிக்கத் திருச்சபையின் போதகர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்களைப் பயிற்றுவிக்க நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். நம்மை ஆளவந்தவர்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். டார்வினியத்தின் வேர்களில் ஒன்று இறையியலிலும் மற்றொன்று பொருளாதாரத்திலும் இருக்கிறது என்பது ரூஸ் திரும்பத் திரும்ப வலியுறுத்திய செய்தி. உயிர்களின் உறுப்புகள் ஒரு பயனுக்காக அமைந்தவை போல் தோன்றுவது ஏன் என்ற கேள்வியை டார்வின், வில்லியம் பேலி என்னும் மற்றொரு போதகரிடமிருந்து பெற்றார். விடையை மட்டும் மாற்றினார்.

2001-இல் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் நேரடியானது: டார்வினியர் ஒருவர் கிறிஸ்தவராக இருக்க முடியுமா? முடியும், ஆனால் எளிதன்று என்பது அந்நூலின் விடை. தாம் நம்பாத ஒரு மதத்துக்காக இவ்வளவு பொறுமையாக வாதாடிய நூல்கள் அரிது. இதனால் அவருக்குப் புதிய பகைவர்கள் கிடைத்தனர். ரிச்சர்ட் டாக்கின்ஸ், டேனியல் டென்னெட் ஆகியோருடன் அவருக்குக் கடும் பூசல் ஏற்பட்டது. டாக்கின்ஸின் நாத்திக நூல் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொள்ளவே கூசச் செய்கிறது என்ற பொருளில் அவர் எழுதியது பரவலாகப் பேசப்பட்டது.

வெறும் மனத்தாங்கலன்று அது. அதற்குப் பின்னே லிட்டில் ராக்கில் கற்ற சட்டப் பாடம் இருந்தது. டார்வினியத்தை ஏற்றால் கடவுள் இல்லை என்பதையும் ஏற்றாக வேண்டும் என்று நாத்திகர்கள் வாதிடுவார்களேயானால், பரிணாமத்தைக் கற்பிப்பதும் மதம் பற்றிய ஒரு நிலைப்பாட்டை அரசு கற்பிப்பதாகிவிடும். அப்போது அதே அரசியலமைப்புப் பிரிவு பரிணாமத்தையும் வெளியேற்றலாமே என்று கேட்டார் ரூஸ். இதற்கு ஒரு மறுப்பு உண்டு: ஓர் உண்மையிலிருந்து ஒருவர் மதம் சார்ந்த முடிவை வருவிக்கிறார் என்பதால் அந்த உண்மை மதமாகிவிடாது. இந்த மறுப்பு வலுவானது. ஆனால் நீதிமன்றங்களில் வெல்ல வேண்டியவர்கள் ரூஸின் எச்சரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. பாடச்சுமையைக் குறைப்பதே காரணம் என்று சொல்லப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறது. ஆனால் உயிரியலை எடுக்காத மாணவர் அதைக் காணப்போவதில்லை. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. ஒன்றைச் சேர்ப்பதை அது தடுக்கும். ஒன்றை நீக்குவதை எப்படித் தடுக்கும்? ஆர்கன்சாவில் சாட்சி சொல்ல ஒரு சட்டமாவது எதிரே இருந்தது.

அமெரிக்காவில் அந்த வழக்கு அத்தோடு முடியவில்லை. லூசியானா மாநிலத்தின் இத்தகைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1987-இல் ரத்து செய்தது. பின்னர் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதிய பெயரில் அதே சரக்கு வந்தது. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் அதுவும் வீழ்ந்தது. அந்த இயக்கத்தின் முன்னணியாளர் வில்லியம் டெம்ப்ஸ்கியுடன் சேர்ந்து ரூஸ் 2004-இல் ஒரு விவாதத் தொகுப்பைப் பதிப்பித்தார். எதிரிக்கு மேடை அமைத்துக் கொடுத்தார் என்ற ஏச்சும் கேட்டுக்கொண்டார்.

1988-இலேயே அவர் இத்தகைய ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். 'ஆனால் இது அறிவியலா?' என்பது அதன் தலைப்பின் பொருள். அதில் தம் சாட்சியத்தையும் ஓவர்ட்டனின் தீர்ப்பையும் அச்சிட்ட ரூஸ், அவ்விரண்டையும் பிய்த்துப்போட்ட லாடனின் கட்டுரையையும் சேர்த்தே அச்சிட்டார். 2009-இல் டோவர் வழக்கின் சாட்சியான ராபர்ட் பென்னாக்கோடு இணைந்து அந்நூலைப் புதுப்பித்தபோதும் லாடனின் கட்டுரை அதில் தன் இடத்தில் இருந்தது.